சிபாப் போட்டுத் தூங்கினால் பல் கெடுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று கண்டுபிடித்து, ஒன்றரை வருடமாக சிபாப் (CPAP) கருவி, அதாவது மாஸ்க் வழியாக மூக்குக்குள் காற்றைத் தள்ளும் கருவி, போட்டுத் தூங்குகிறார். குறட்டை நின்றுவிட்டது. பகலில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவதும் இல்லை. ஆனால் காலையில் எழுந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, வாய் நாறுகிறது, போன மாதம் பார்த்ததில் ஈறை ஒட்டி மூன்று புதிய சொத்தைகள். பல் மருத்துவர் "இந்த மெஷின்தான் காரணம், நிறுத்துங்கள்" என்றாராம். நுரையீரல் மருத்துவர் "பல்லுக்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாராம். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் பாதிதான் சரி. நான் பல் மருத்துவன். கூடவே, ஆறு வருடமாக ராத்திரி மாஸ்க் மாட்டிக்கொண்டு தூங்குகிறவன். முதல் வருடத்தில் நானும் கீழ்ப் பல்லில் ஒரு சொத்தையை வாங்கிக்கொண்டவன்தான். அதனால் இதில் கொஞ்சம் சொந்த அக்கறை உண்டு.

முதலில் ஒன்று. கருவியை நிறுத்த வேண்டாம். சொத்தையை அடைக்கலாம், பல்லே போனாலும் வேறு கட்டலாம். மூச்சடைப்பை அப்படியே விட்டால் பிரஷர் ஏறுவதும், இதயத் துடிப்பு தாறுமாறாவதும், வண்டி ஓட்டும்போது கண் சொக்குவதும் அப்படிச் சரிசெய்யக்கூடியவை அல்ல. சோதனையில் மணிக்கு 30 முறைக்கு மேல் மூச்சுத் தடைபட்டதாக வந்திருந்தால் அது தீவிர வகை. அப்படிப்பட்டவர் நாலு நாள் கருவி போடாமல் தூங்கினாலே பழைய கதை திரும்பிவிடும்.

சரி, பல் ஏன் கெட்டது? சிபாப் காற்றுக்குப் பல்லை அரிக்கும் குணம் எதுவும் கிடையாது. அது வெறும் அறைக் காற்று. 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்குள் ஏதோ ஒரு அளவில் அதை மூக்குக்குள் தள்ளி, தொண்டை மூடிக்கொள்ளாமல் பிடித்து வைக்கிறார்கள். 1980இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இதை முதலில் செய்து பார்த்தபோது வாக்குவம் கிளீனர் மோட்டாரைத்தான் பயன்படுத்தினார். மாஸ்க்கை ஒவ்வொரு ராத்திரியும் மூக்கில் பசை போட்டு ஒட்டினார்கள். ஐந்து நோயாளிகளில் கண்டதை 1981இல் லான்செட் இதழில் எழுதினார். கருவி இன்று கைக்கு அடக்கமாகிவிட்டது, சத்தமும் குறைந்துவிட்டது. காற்று மட்டும் அதே காற்று. அந்தக் காற்று வாய் வழியாக வெளியேறும்போதுதான் பல்லுக்குச் சிக்கல் வருகிறது.

உமிழ்நீரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும். ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதில் பெரும்பங்கு நாம் விழித்திருக்கும்போதும் சாப்பிடும்போதும் சுரப்பது. தூங்கும்போது சுரப்பு ஏறக்குறைய நின்றே போகும். எல்லோருக்கும் அப்படித்தான். வாயை மூடித் தூங்குகிறவருக்கு, படுக்கும்போது வாயில் இருந்த ஈரம் விடியும்வரை தாக்குப்பிடிக்கும். உமிழ்நீர் வெறும் தண்ணீர் அல்ல. கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் அதில் இருக்கிறது. கரைந்துபோன பல்லைத் திரும்பப் பூசி அடைக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்கின்றன. வாய்க்குள் எந்நேரமும் ஒரு பழுதுபார்ப்பு வேலை நடந்துகொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் போனால் அந்த வேலை நின்றுவிடும்.

இப்போது மூக்கு மாஸ்க் போட்டவர் தூக்கத்தில் வாயைத் திறக்கிறார். அழுத்தத்தோடு மூக்கில் நுழையும் காற்று, நுரையீரலுக்குப் போக வேண்டியது, சுலபமான வழி கிடைத்ததும் வாய் வழியாகத் தப்பித்துவிடுகிறது. சாதாரணமாக மூக்கில் இழுத்து மூக்கிலேயே விடும்போது, வெளியே போகும் மூச்சின் ஈரத்தில் ஒரு பங்கை மூக்கின் உட்பரப்பு திரும்பப் பிடித்துக்கொள்ளும். வாய்க் கசிவில் அந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லை. மூக்கில் நுழைந்து வாயில் வெளியேறும் ஒருவழிக் காற்று, ஆறேழு மணி நேரம். ஈரத்துணியை டேபிள் ஃபேன் முன்னால் விரித்துப் போட்டது போலத்தான்.

இதில் ஒரு விஷச் சுழலும் இருக்கிறது. ஒருவழிக் காற்று மூக்கின் உட்பரப்பைக் காய வைக்க, காய்ந்த மூக்கு வீங்கி அடைத்துக்கொள்ளும். மூக்கு அடைத்தால் வாய் இன்னும் திறக்கும், கசிவு இன்னும் கூடும். 1996இல் சல்லிவனின் குழுவே இதை அளந்து காட்டியது. வாய்க் கசிவு வந்ததும் மூக்கின் தடை கூடியது, வெதுவெதுப்பான ஈரக் காற்று கொடுத்தபோது அப்படி ஏறவில்லை. "ராத்திரி ரெண்டு மணிக்கு மூக்கு அடைச்சுக்குது டாக்டர்" என்று சொல்கிறவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். சளி என்று நினைத்து மாத்திரை போடுவார்கள்.

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மூச்சடைப்பு உள்ளவர்களுக்குக் கருவி வருவதற்கு முன்பே வாய் வறட்சி இருக்கும். வாயைத் திறந்து குறட்டை விட்டவர்கள்தானே. அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்: கருவிக்கு முன் காலையில் வாய் எப்படி இருந்தது? அப்போதும் காய்ந்துதான் இருந்தது என்றால் பழியை முழுக்கக் கருவிமேல் போட முடியாது. வாய் வறண்டால் சொத்தை ஒரே வருடத்திலும் வந்துவிடலாம். பல வருடம் மெதுவாக அரித்தது இப்போது கண்ணில் படுவதாகவும் இருக்கலாம்.

ஈறை ஒட்டி வந்தது ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. பல்லின் மேற்பூச்சான எனாமல் கரையத் தொடங்க, வாயின் பிஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்க வேண்டும். இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள். வயதானால் ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். வேருக்கு எனாமல் கவசம் இல்லை. அது 6.2 முதல் 6.7 வரை உள்ள லேசான அமிலத்திலேயே கரையத் தொடங்கிவிடும். அதாவது எனாமலைத் தொடாத அமிலம்கூட வேரைத் தின்றுவிடும். வாய் வறண்ட, 60 தாண்டிய, சர்க்கரை உள்ளவரின் வாயில் சொத்தை சொல்லிவைத்தது போல ஈறோரத்திலேதான் உட்காரும்.

அப்பாவுக்கு வாய்க் கசிவு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. இப்போது வருகிற கருவிகள் கசிவை ராத்திரி முழுக்கப் பதிந்து வைக்கின்றன. கருவியின் திரையிலோ போன் செயலியிலோ பார்க்கலாம். ரெஸ்மெட் நிறுவனத்தின் கருவி என்றால் நிமிடத்துக்கு 24 லிட்டர் என்பது எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் மாஸ்க்கிலோ வாயிலோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஒரு ராத்திரி கண் விழித்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அம்மாவால் முடிந்தால் இன்னும் நல்லது. உதடு படபடவென்று அடிப்பது, கன்னம் உப்பி உப்பி வடிவது, புஸ் என்று வாயிலிருந்து காற்று வருவது, எல்லாம் கசிவுதான். எண் நன்றாக இருந்து வாயும் மூடியே இருக்கிறது, ஆனாலும் வறட்சி என்றால் காரணம் வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கசிவு இருந்தால் முதலில் மூக்கைச் சரி செய்யுங்கள். பலரும் கடைசியாகச் செய்வது இதைத்தான். பகலில் உட்கார்ந்துகொண்டு வாயை மூடி, மூக்கால் மட்டும் ஐந்து நிமிடம் சிரமமில்லாமல் மூச்சு விட அவரால் முடிகிறதா? முடியவில்லை என்றால் எந்த மாஸ்க் மாற்றியும் பயனில்லை, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கலாம், ஒவ்வாமை வீக்கமாக இருக்கலாம். ஒவ்வாமைக்கு அவர்கள் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரே வாயை உலர்த்துவதில்லை. தினமும் போடும் செட்டிரிசின் வகை மாத்திரை உலர்த்தும். மூக்கைத் திறக்கப் போய் வாயைக் காய வைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு மருந்தைக் கடையில் தாங்களாகவே வாங்கி வாரக்கணக்கில் விடுகிறவர்களும் உண்டு. நாலைந்து நாளுக்கு மேல் போட்டால் அந்தச் சொட்டே அடைப்பை உண்டாக்கும்.

அடுத்தது ஹியூமிடிஃபையர். கருவியோடு வரும் தண்ணீர்த் தொட்டி. நான் பார்த்தவரையில் நம் ஊர் வீடுகளில் பாதிக்கு மேல் அது காலியாகத்தான் கிடக்கிறது. காரணம் கேட்டால் மூன்று வரும். "சென்னையில் ஏற்கெனவே புழுக்கம்தானே, ஈரம் எதற்கு?" என்பது முதல். புழுக்கம் வெளியே. 24 டிகிரியில் ஏசி ஓடும் படுக்கையறையில் அந்த ஈரத்தை ஏசி பிழிந்து வெளியே விட்டுவிடுகிறது. "கரன்ட் போனால் இன்வெர்ட்டர் தாங்காது" என்பது இரண்டாவது. கருவி இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு ஹியூமிடிஃபையரின் சூடேற்றும் தட்டுக்குப் போகிறது என்பது உண்மைதான். ஆனால் எல்லாம் சேர்ந்தும் ஒரு பழைய சீலிங் ஃபேன் இழுக்கும் அளவை ஒட்டித்தான் வரும். வீட்டு இன்வெர்ட்டர் தாராளமாகத் தாங்கும். தனி பேட்டரியில் ஓட்டும்போது மட்டும்தான் யோசிக்க வேண்டும். மூன்றாவது, "டியூபில் தண்ணீர் கோத்துக்கொண்டு கொடகொடவென்று சத்தம் வருகிறது." இது நிஜமான தொல்லை. சூடான ஈரக் காற்று குளிர்ந்த டியூபில் பட்டு நீராகிறது. டியூபைப் போர்வைக்குள் விட்டுக்கொள்ளலாம், அல்லது துணி உறை போடலாம். சூடேறும் டியூப் தனியாகக் கிடைக்கிறது, விலை கூட, ஆனால் ஏசியில் தூங்குகிறவருக்கு அந்தச் செலவு வீண் இல்லை. ஈர அளவை ஒரே நாளில் உச்சத்துக்கு வைக்காமல் இரண்டு மூன்று ராத்திரிக்கு ஒரு படி என்று ஏற்றிப் பாருங்கள்.

தொட்டியில் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீரை ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம். அது மனிதன் மூச்சிழுக்கத் தயாரித்தது அல்ல. போர் தண்ணீர் ஊற்றினால் நாலே நாளில் தொட்டி அடியில் வெள்ளையாக உப்புப் படியும்.

மாஸ்க் மாற்றுவது அதற்கு அப்புறம். வாய் திறக்கிறது என்றதும் மூக்கையும் வாயையும் மூடும் பெரிய மாஸ்க்கைத் தூக்கிக் கொடுத்துவிடுவது விற்பனையாளர்களின் வழக்கம். சிலருக்கு அது அவசியம்தான். ஆனால் அதற்குள்ளும் வாய் திறந்தேதான் இருக்கும், வறட்சி குறையுமே தவிரப் போகாது. பெரிய மாஸ்க்குக்குச் சில சமயம் அழுத்தமும் கூட வைக்க வேண்டிவரும். பலர் அதைத் தாங்காமல் கழற்றி வைத்துவிடுகிறார்கள். என் கணக்கில் அது முதல் படி அல்ல. தாடையைத் தூக்கிப் பிடிக்கும் பட்டை சிலருக்கு உதவும். அது தாடையை மூடுமே தவிர உதட்டை மூடாது. இறுக்கிக் கட்டினால் தாடையைப் பின்னால் தள்ளித் தொண்டையையே குறுக்கவும் கூடும்.

வாயில் டேப் ஒட்டிக்கொள்வது இப்போது ஒரு மோகம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அதுவும் கரன்ட் போகிற ஊர்களில். மூக்கு மாஸ்க்கில் நாம் விட்ட மூச்சை வெளியே தள்ளுவது கருவியின் காற்றோட்டம்தான். ராத்திரி மூன்று மணிக்குக் கரன்ட் போய்க் கருவி நின்றுவிட்டால், வாயிலும் டேப் இருந்தால், விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். முழு மாஸ்க்குகளில் இதற்கென்றே ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள், மூக்கு மாஸ்க்கில் பெரும்பாலும் இல்லை. மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல், வாந்தி வரும் தொந்தரவு, ராத்திரி குடிக்கும் பழக்கம், இதில் எது இருந்தாலும் டேப் பக்கமே போகக் கூடாது.

கசிவைச் சரிசெய்ய ஓரிரு மாதம் ஆகலாம். அதுவரை பல்லைக் காப்பாற்றுவது என் துறை, இங்கே கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்.

ராத்திரி பல் துலக்குவதுதான் முக்கியம், காலையில் துலக்குவது அதற்கு அடுத்ததுதான். நம் வீடுகளில் இது தலைகீழ். துலக்கிய பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது. சர்க்கரை போட்ட பால், சத்துமாவுக் கஞ்சி, இனிப்பான இருமல் சிரப், தொண்டைக் கரகரப்புக்குச் சப்பும் மிட்டாய், எல்லாம் துலக்குவதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். வாய் காய்கிறது என்று ராத்திரி பெப்பர்மின்ட் ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குகிறவர்களுக்கு, அடக்கிய அந்த இடத்திலேயே வரிசையாகச் சொத்தை விழுந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். எச்சில் ஊறட்டும் என்று எலுமிச்சைத் துண்டைச் சப்புவதும் அப்படித்தான். ஊறுவது என்னவோ ஊறும், அமிலம் பல்லைக் கரைக்கும்.

பேஸ்ட்டில் ஃப்ளோரைடு இருக்க வேண்டும். இந்தியாவில் பேஸ்ட்டில் 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) வரைதான் அனுமதி. குழாயின் பின்புறம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், ஒரு தடவை பாருங்கள். மூலிகைப் பேஸ்ட் என்று விற்பவற்றில் பலவற்றில் ஃப்ளோரைடே கிடையாது. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று நாமும் படித்தவர்கள்தான். ஆனால் ஆலங்குச்சியை மென்ற தாத்தா ஏசி அறையில் சிபாப் போட்டுத் தூங்கவில்லை, நாளைக்கு நாலு தடவை சர்க்கரை போட்ட காபியும் குடிக்கவில்லை. பல்பொடி வேண்டவே வேண்டாம். வேர் தெரியும் பல்லை அதன் சொரசொரப்பு பள்ளம் பறித்துவிடும். துலக்கியதும் நுரையைத் துப்புங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பூசிய ஃப்ளோரைடும் போய்விடும். இந்த ஒன்றைச் சொன்னால் நம்மவர்களுக்கு அருவருப்பாக இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருப்பவர்கள் பல் மருத்துவரின் சீட்டு வாங்கி 5000 பிபிஎம் பேஸ்ட் எடுத்துக்கொள்ளலாம். இங்கே அதற்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருத்துவமனையில் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசிக்கொள்வது நல்லது. அதில் 22,600 பிபிஎம் இருக்கிறது, பத்து நிமிட வேலை. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர்கள் உடனே "எங்கள் தண்ணீரிலேயே ஃப்ளோரைடு அதிகமாச்சே" என்பார்கள். பல்லில் கறை விழுவது, குழந்தைப் பருவத்தில் பல் உருவாகும்போது அதிகமாகக் குடித்ததால். 61 வயதுப் பல்லின்மேல் பூசுவது வேறு சங்கதி.

ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வாயை இன்னும் காய வைக்கும். குளோர்ஹெக்சிடின் மருந்தை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் போடுங்கள், மாதக்கணக்கில் போட்டால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். படுக்கும் முன் ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தடவும் ஈரப்பத ஜெல் கடைகளில் கிடைக்கிறது, ஸ்பிரேயைவிட அது நெடுநேரம் நிற்கும். நல்லெண்ணெய் கொப்பளிப்பது காலையில் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ராத்திரி எண்ணெய் வாயோடு மாஸ்க் மாட்டாதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போவது நல்லதல்ல. உதட்டில் வாஸ்லின் தடவுவதும் மாஸ்க்கின் சிலிக்கானைக் கெடுக்கும், தண்ணீர் சார்ந்த களிம்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே வந்த மூன்று சொத்தைகளை உடனே அடைத்துவிடுங்கள். ஆழமில்லாத வேர்ச் சொத்தை என்றால் 38 சதவீத சில்வர் டைஅமைன் ஃப்ளோரைடு என்ற மருந்தைத் தடவி அப்படியே நிறுத்திவைக்கவும் முடியும். அந்த இடம் கறுத்துப்போகும். கடைவாய்ப் பல்லில் யார் பார்க்கப் போகிறார்கள்?

கழற்றி மாட்டும் பல்செட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொது விதி, ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். ஜப்பானில் 85 வயது தாண்டியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. சிபாப்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முழு செட்டைக் கழற்றினால் கன்னமும் உதடும் உள்வாங்கி மாஸ்க் பொருந்தாமல் போகும். மாஸ்க் அளவெடுக்கும்போதே, ராத்திரி எப்படித் தூங்குவாரோ அப்படியே, செட் இல்லாமல் உட்கார வைத்து அளவெடுக்கச் சொல்லுங்கள். எப்படியும் பொருந்தவில்லை என்றால் செட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவி மாட்டிக்கொண்டு தூங்கட்டும், பகலில் சில மணி நேரம் கழற்றி வைத்து ஈறுக்கு ஓய்வு கொடுக்கட்டும். அண்ணம் சிவந்திருந்தால், வாயோரம் வெடித்திருந்தால் பூஞ்சையாக இருக்கும், சர்க்கரைக்காரர்களுக்கு அது சுலபமாக வரும்.

மாஸ்க்கை இறுக்கிக் கட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானில் மூக்கு மாஸ்க்கோடு சிபாப் போட்ட 46 பேரை, குறைந்தது இரண்டு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். 2010இல் வெளிவந்த அந்த ஆய்வில், மேல்தாடையின் முன்பகுதியும் மேல் முன்பற்களும் சற்றே உள்நோக்கி நகர்ந்திருந்தன. அவர்களில் யாரும் இதை உணரவில்லை. அவ்வளவு சின்ன மாற்றம். பயப்பட வேண்டாம், ஆனால் கசிகிறது என்று பட்டையை இன்னும் இன்னும் இறுக்குவது தீர்வல்ல, மாஸ்க்கின் அளவு தப்பு என்பதற்கு அடையாளம். வளரும் குழந்தைகளுக்கு சிபாப் போடும்போது மட்டும் இது நிஜமான கவலை. முகத்தின் நடுப்பகுதி வளர்ச்சி குன்றலாம், எனவே பல் சீரமைப்பு மருத்துவர் தவறாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பல் பிடுங்கப் போகிறீர்கள் என்றால், அதுவும் மேல் கடைவாய்ப் பல் என்றால், கருவி போடுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தப் பற்களின் வேர் சைனஸ் அறையின் தரையை ஒட்டி இருக்கும். பிடுங்கிய இடத்தில் ஓட்டை விழுந்திருந்தால் அழுத்தக் காற்று அதன் வழியே புகுந்து ஆற விடாது. எத்தனை நாள் நிறுத்துவது, அழுத்தத்தைக் குறைத்துப் போடலாமா என்பதைப் பல் மருத்துவரும் தூக்க மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

"மெஷினுக்குப் பதிலாக வாயில் மாட்டும் கிளிப் இருக்கிறதாமே?" என்று அடுத்து கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும் கருவி அது. லேசான, நடுத்தர மூச்சடைப்புக்கும், சிபாப்பைத் தாங்கவே முடியாதவர்களுக்கும் நல்ல மாற்று. ஆனால் அது பல்லைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வது. ஆடும் பல், வீங்கிய ஈறு, புதிய சொத்தை இருக்கும் வாயில் அதை மாட்டக் கூடாது. வருடக்கணக்கில் போட்டால் பற்கள் நகர்ந்து கடிக்கும் முறையே மாறும். வெற்றிலை பாக்கு, குட்கா போட்டு வாய் திறப்பு குறைந்தவர்களுக்கு அளவெடுப்பதே பெரும்பாடு. இதையும், ராத்திரி பல் நறநறப்பதற்காகக் கொடுக்கும் நைட் கார்டையும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். 2004இல் வெளிவந்த சின்ன ஆய்வு ஒன்றில், மூச்சடைப்பு உள்ள பத்துப் பேருக்குச் சாதாரண மேல் நைட் கார்டு கொடுத்துத் தூங்க வைத்தபோது பாதிப்பேருக்கு மூச்சுத் தடை கூடியது. பத்தே பேர்தான், என்றாலும் குறட்டை விடுகிறாரா என்று கேட்காமல் நைட் கார்டு செய்து கொடுப்பதை அதைப் படித்த பிறகு நான் விட்டுவிட்டேன்.

சுத்தம் பற்றிச் சுருக்கமாக: மாஸ்க்கின் முகம் படும் பகுதியைத் தினமும், டியூபையும் தொட்டியையும் வாரம் ஒரு முறை, மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கழுவி நிழலில் காய வையுங்கள். தொட்டியில் நேற்றைய தண்ணீர் மிச்சம் இருக்கக் கூடாது. ஓசோன், புற ஊதாக் கதிர் சுத்திகரிப்புப் பெட்டிகளை வாங்காதீர்கள். அவற்றைப் பற்றி அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிஏ 2020இலேயே எச்சரித்திருக்கிறது.

கசிவு எண்ணும் சரி, வாயும் மூடியிருக்கிறது, ஹியூமிடிஃபையரும் ஓடுகிறது, அப்போதும் வாய் காய்கிறது என்றால் பகலிலும் காய்கிறதா என்று கேளுங்கள். பகலிலும் என்றால் அது கருவியின் வேலை அல்ல. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் இருக்கலாம், மூன்று மாத சராசரியை எடுத்துப் பாருங்கள். கண்ணும் சேர்ந்து காய்ந்தால் உமிழ்நீர்ச் சுரப்பிகளையே தாக்கும் ஷோகிரன் நோய்க்குச் சோதிக்க வேண்டிவரும். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி மாத்திரை டப்பாவில்தான் இருப்பார். பிரஷருக்குக் கொடுக்கும் நீர் மாத்திரை, தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ கொடுக்கும் அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் போவதற்கான ஆக்ஸிபியூட்டினின், எல்லாம் வாயை உலர்த்தும். பிரஷருக்கே கொடுக்கும் அம்லோடிபின் பெரும்பாலும் உலர்த்தாது, ஆனால் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். தடித்த ஈறுக்கடியில் அழுக்கு சேர்ந்து வாய் நாறும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், மாற்று இருக்கிறதா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்.

அப்பா சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், கருவி காட்டும் கசிவு எண், எந்த வகை மாஸ்க், இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு மருத்துவர்களிடமும் காட்டுங்கள். பல் மருத்துவரிடம் போகும்போது மாஸ்க்கையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பெரும்பாலான பல் மருத்துவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கவே மாட்டார்கள். இங்கேயும் எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன்.